ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு தூணடியும்

திருநாவலூர் என்றவுடன் இலக்கிய அன்பர்களுக்குச் சுந்தரர் நினைவுக்கு வருவார். சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகப் பிறந்து, நரசிங்க முனையரையரிடம் வளர்ந்து, ஏழாம் திருமுறையைத் தந்துவிட்டுப் போன நம்பி ஆரூரர். அவருடைய ஊரிலிருந்து எழுத வந்தவர்கள் பண்ணைப் பற்றியோ பதிகத்தைப் பற்றியோ கல்வெட்டைப் பற்றியோ எழுதாமல் ஒலிபெருக்கிகளைப் பற்றி எழுதுகிறார்களே என்று வாசகர்கள் வியக்கக்கூடும். பொறுத்தருள்க. பெற்ற தாயின் பெயரே இசைஞானி என்றிருந்த ஒருவரின் ஊரில், இசையை வீட்டில் எப்படிக் கேட்பது என்ற கேள்வி அவ்வளவு அந்நியமானதன்று.

உளுந்தூர்ப்பேட்டைக்கும் பண்ருட்டிக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது விழுப்புரத்திலிருந்து பிரிந்து அதனோடு சேர்ந்தது. சோழர் கல்வெட்டுகளில் இவ்வூருக்கு இராசாதித்தபுரம் என்றும், கோயிலுக்குத் திருத்தொண்டீச்சுரம் என்றும் பெயர். இன்று பக்தசனேசுவரர் கோயில் என்றால்தான் தெரியும். அக்கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. எங்கள் அப்பா நிலக்கடலை மண்டியில் கணக்கெழுதியவர். மண்டியிலிருந்து வந்து, குளித்து, திருநீறு பூசிக் கொண்டு கோயிலுக்குப் போய்விடுவார். அங்கே முன்மண்டபத்தில் ஒரு தூணடி அவருடையது. யாரும் எழுதித்தரவில்லை, ஆனால் வேறு யாரும் அங்கே உட்காரமாட்டார்கள். பதிகம் பாடுவோர் வந்தால் பின்வரிசையில் சேர்ந்து பாடுவார், வராத நாளில் கண்களை மூடிக் கொண்டு சும்மா இருந்துவிட்டு வருவார்.

பக்கவாதம் வந்த பிறகு அந்த இரண்டு தெரு, கடக்க முடியாத தொலைவாகிவிட்டது. நாற்காலியில் அமர்த்தித் தூக்கிக் கொண்டு போகலாம் என்றோம். ஒருமுறை சம்மதித்தார். மறுமுறை, நாலுபேர் தூக்கிக் கொண்டு போவது ஒரே ஒரு தடவை போதும் என்று சொல்லிவிட்டார். அப்பாவின் நகைச்சுவை அப்படி. அதன்பின் அவரிடம் எஞ்சியது தேவார ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி. பாதி நாடாக்களில் பூஞ்சை படர்ந்திருந்தது. அக்காளும் தம்பியுமாக நாங்கள் இருவரும் வீட்டுக்குள் ஒலியைக் கொண்டு வரும் வேலையில் இறங்கியது இப்படித்தான். இசைப்பித்து எங்களுக்கு முன்பே உண்டு. ஆனால் காரணம் ஒன்று கிடைத்தால்தானே பித்துக்குப் பணம் செலவழிக்க வீட்டில் விடுவார்கள்!

கடைகளில் இன்று முதலில் காதில் விழும் சொல், உயர் தெளிவு ஒலி. 1982ல் குறுந்தகடு வந்தபோது ஒரு நொடி ஒலியை 44,100 மாதிரிகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் 16 பிட்டில், அதாவது 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்தார்கள். மனிதச் செவி கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ் என்பதால் அதைப்போல் இருமடங்குக்குச் சற்று மேல் மாதிரி எடுத்தால் போதும் என்பது கணக்கு. 1999ல் சூப்பர் ஆடியோ சிடியும், அடுத்த ஆண்டே டிவிடி ஆடியோவும் வந்தன. மாதிரிகள் 96,000 ஆயின, 1,92,000 ஆயின. பிட்டுகள் 24 ஆயின, படிகளோ ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்தைத் தாண்டின. இந்தத் தட்டுகள் இரண்டும் பெரிதாக விற்கவில்லை. ஆனால் 2021 சூனில் ஆப்பிள் மியூசிக், கூடுதல் கட்டணம் ஏதுமின்றி இழப்பற்ற ஒலியையும் டால்பி அட்மாஸ் சூழொலியையும் தரத் தொடங்கியபின், அந்த எண்கள் எல்லார் கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டன.

எண் கூடினால் இன்பம் கூடுமா? பாஸ்டன் ஒலியார்வலர் சங்கத்தைச் சேர்ந்த மேயர், மோரன் என்ற இருவர் 2007ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உயர்தெளிவுத் தட்டை ஓடவிட்டு, நடுவில் கேட்பவருக்குத் தெரியாமல் அதைக் குறுந்தகட்டின் தரத்துக்குச் சுருக்கி, எது எது என்று கேட்டார்கள். 554 முறை கேட்டதில் சரியான விடை 276. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதே கணக்குத்தான் வந்திருக்கும். 2016ல் இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ரைஸ், அதுவரை நடந்த 18 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார். 12,500க்கும் மேற்பட்ட கேட்டல்களில் 52.3 விழுக்காடு சரி. பயிற்சி பெற்ற செவிகளுக்கு மட்டும் இன்னும் சற்றுக் கூடுதல். ஆக, வேறுபாடு இல்லவே இல்லை என்று சாதிக்க முடியாது, ஆனால் சொத்தை விற்று வாங்கும் அளவுக்கு அது பெரிதுமன்று.

எங்கள் வீட்டில் இந்த வழக்கு இன்னும் எளிதாகத் தீர்ந்தது. அப்பாவின் செவிப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தோம். 4,000 ஹெர்ட்ஸ் வரை தட்டுத்தடுமாறி வரும் கோடு, அதற்குமேல் கிணற்றில் விழுந்தது போல இறங்குகிறது. எழுபதைக் கடந்த பலருக்கும் அப்படித்தான். அப்படிப்பட்ட காதுக்கு 20,000க்கு மேல் என்ன இருந்தால் என்ன? அவருக்குத் தேவாரத்தில் தாளம் கேட்பதில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. பாடுவோர் கையில் தட்டும் அந்தச் சிறு வெண்கலத் தாளத்தின் ஓசை பெரும்பகுதி மேல்பகுதி அதிர்வெண்களில்தான் இருக்கிறது. பலகாலம் அந்த ஒலி தம் காதைவிட்டுப் போய்விட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கைவிரலால் தொடையில் தட்டித் தாமே நிரப்பிக் கொண்டிருந்தார்.

ஆனால் அதே தாளில் இன்னொரு செய்தியும் இருந்தது. கீழ்ப்பகுதி அதிர்வெண்கள் அவ்வளவாகக் கெடவில்லை. ஓர் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைச் செவிகள் இரண்டு வழிகளில் அறிகின்றன என்று 1907ல் ரேலி பிரபு எழுதினார். உயர்ந்த அதிர்வெண்களில், தலை மறைப்பதால் இரு காதுகளுக்கும் இடையே ஏற்படும் வலிமை வேறுபாடு உதவுகிறது. ஏறத்தாழ 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒலி ஒரு காதை அடைந்து மறுகாதை அடையும் நேர வேறுபாடு உதவுகிறது. அந்த வேறுபாடு அதிகம் போனால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் காது கணக்கிட்டுவிடுகிறது. மண்டியில் அப்பா போட்ட எந்தக் கணக்கும் இதற்கு ஈடாகாது! அப்படியானால், தெளிவு கூடிய ஒலி அவருக்கு ஒன்றும் தராமல் போகலாம், திசை கூடிய ஒலி தரக்கூடும். சூழொலியைப் பற்றி நாங்கள் படிக்கத் தொடங்கிய காரணம் இது.

சூழொலி எங்கள் ஊருக்குப் புதிதன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆடி மாதம் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றும்போது மைக்செட்டுக்காரர் கூம்பு ஒலிபெருக்கிகளை நாலு திசைக்கும் கட்டிவிடுவார். ஒன்று பனைமரத்தில், ஒன்று பள்ளிக்கூட மாடியில், ஒன்று தேரடியில். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் நகர்கிறது. அருகிலிருக்கும் கூம்பில் எல். ஆர். ஈசுவரி ஒரு சொல்லை முடித்த பிறகு, ஊர்க்கோடிக் கூம்பிலிருந்து அதே சொல் தாமதமாக வந்து சேரும். மூன்றாவது கூம்பு அதற்கும் பின்னால். சிறுவயதில் கொல்லைமேட்டில் நின்று கேட்டால் ஊர் முழுவதும் ஒருவரையொருவர் துரத்திப் பாடுவது போலிருக்கும். அடிக்குரலும் இராது, மேல்குரலும் இராது, நடுவில் ஒரு தகரம் மட்டும் இருக்கும். ஆனாலும் ஒலி ஓர் இடத்தில் நிற்பது, ஊருக்குள் அதற்கும் ஒரு வீடு இருக்கிறது என்பதை எங்களுக்குக் கற்பித்தது அந்தக் கூம்புகள்தாம்.

முறையான சூழொலி திரையரங்கு வழியாகத்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. 1978ல் 'பிரியா' படப் பாடல்களை இளையராஜா இருதட ஒலியில் தந்தார். 1995ல் 'குருதிப்புனல்' டால்பி சூழொலியோடு வந்தது. அடுத்த ஆண்டு 'கறுப்பு ரோஜா' டிடிஎஸ்ஸில் வந்தது. 2012 திசம்பரில் 'சிவாஜி' முப்பரிமாணப் படமாக மறுபிறவி எடுத்தபோது, கூரையிலிருந்தும் ஒலி இறங்கும் அட்மாஸ் வந்தது. அரங்கில் பார்த்ததை வீட்டில் வைக்கும் ஆசைக்கு ஹோம் தியேட்டர் என்று பெயராயிற்று. சென்னை ரிச்சி தெருவில் பலகைகளாக வாங்கி வந்து, உள்ளூர் ரேடியோ மெக்கானிக்கு ஒட்டுப்பலகைப் பெட்டியில் பொருத்தித் தந்த ஐந்து ஒலிபெருக்கிகளும் ஓர் அடிக்குரல் பெட்டியும் பல வீடுகளில் தொலைக்காட்சியைச் சுற்றி உட்கார்ந்தன. பெரும்பாலும் ஐந்தும் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே வரிசையாக! பின்னால் வைக்க ஒயர் எட்டாது, எட்டினாலும் பெருக்கும்போது இடறும்.

எங்களுடையதும் அந்த வகைதான், பழைய விலையில் வாங்கிய பெருக்கி ஒன்றைத் தவிர. ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த ஓர் ஒழுங்கு உண்டு. கேட்பவரை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட வேண்டும். ஒன்று நேர் எதிரே. இரண்டு, இடமும் வலமும் 30 பாகையில். மற்ற இரண்டு, தோளுக்குச் சற்றுப் பின்னால் 110 பாகையில். அப்பாவின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் கட்டில், நாற்காலி, மருந்து அலமாரி, அம்மாவின் தையல் இயந்திரம். வட்டம் என்ன, வட்டத்தின் நிழலைக்கூட அங்கே போட முடியாது. வலப்பக்கப் பின்னொலிபெருக்கி தையல் இயந்திரத்தின் மேல் ஏறியது. இடப்பக்கத்துக்கு மருந்து அலமாரி. அளவுநாடாவோடு நாங்கள் நடந்து கொண்டிருந்த இரண்டு நாட்களும் அப்பா வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் மட்டும், "சாமி பிரதிட்டை ஆயிடுச்சா?" என்றார்.

அறையின் குணத்தையும் சொல்ல வேண்டும். நான்கு சிமெண்டுச் சுவர்களுக்கு நடுவே ஒலி, பந்து போல மோதித் திரும்புகிறது. பன்னிரண்டு அடி நீளமுள்ள அறையில் 46 ஹெர்ட்ஸ் அருகிலும், பத்தடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒலி தேங்கி வீங்கும். இரண்டுக்கும் நடுவில் 50ல் இருப்பது நம் மின்சாரத்தின் அதிர்வு. பூமிக்கம்பி சரியில்லாத வீட்டில் அந்த 50, ஒலிபெருக்கி வழியாக ஓயாமல் உறுமும். எங்கள் வீட்டில் உறுமியது. புதிய பூமிக்கம்பி இறக்கி, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அடங்கியது. சுவரில் மோதும் ஒலியைத் தணிக்க விலையுயர்ந்த பஞ்சுப்பலகைகள் விற்கிறார்கள். நாங்கள் பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பின்சுவரில் நிறுத்தி, பக்கச் சுவர்களில் கோரைப்பாய்களைத் தொங்கவிட்டோம். வந்து பார்த்த உறவினர் ஒருவர், வீடு மாற்றுகிறீர்களா என்று கேட்டார். அறை அமைதியாகிவிட்டது. இனிக் கேட்க வேண்டியதுதான்.

இங்கேதான் நாங்கள் எதிர்பாராத ஒரு வெறுமை எதிர்ப்பட்டது. இவ்வளவு ஏற்பாட்டில் போட்டுக் கேட்கச் சூழொலியில் என்ன இருக்கிறது? திரைப்பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் சில மிக அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பின்னொலிபெருக்கிகளில் வருவது பெரும்பாலும் கணினியில் வார்த்த எதிரொலியும், இசையமைப்பாளர் விளையாட்டாக வீசிய ஒரு சலங்கையும்தான். பழைய பாடல்களைப் பிய்த்து ஐந்தாக்கித் தருவோரும் உண்டு. அதைப் பற்றிப் பேசாதிருப்பதே நலம். தேவாரத்துக்கோ நாங்கள் தேடிப் பார்த்தவரை இருதடப் பதிவுகள் மட்டுமே. தருமபுரம் ப. சுவாமிநாதன் குரலில் ஒரு குறையும் இல்லை. பண் கலையாமல், சொல் சிதையாமல் பாடிய பெரியவர் அவர். ஆனால் பொதுவாகத் தேவாரப் பதிவுகள் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடக்கின்றன. பஞ்சு போர்த்திய சுவர்களுக்கு நடுவே, வாய்க்கு ஒரு சாண் தள்ளி ஒலிவாங்கி. பின்னர் ஒரு பொத்தானால் சேர்த்த எதிரொலி. குரல் அருகில் இருக்கிறது, அக்குரல் எங்கே நின்று பாடுகிறது என்பது இல்லை. 24 பிட் என்ன, 240 பிட் கொடுத்தாலும், பதிவில் இல்லாத மண்டபத்தை ஒலிபெருக்கி எங்கிருந்து கொண்டு வரும்?

தேவாரம் இடத்தோடு பிறந்த பாட்டு. ஒவ்வொரு பதிகமும் ஓர் ஊருக்குரியது. இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பேரையும், உடுக்கைக்கும் மத்தளத்துக்குமாக இருவரையும் அமர்த்தியதைக் கல்வெட்டு கூறுகிறது. அந்தக் கருங்கல்லுக்குள் நாற்பத்தெட்டுக் குரல்கள் எழும்பும்போது எது முன்னொலி, எது பின்னொலி? கல் ஒலியை உண்பதில்லை. விழுந்த ஒலியில் நூற்றில் ஓரிரு பங்கை மட்டும் எடுத்துக் கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. ஐந்து மீட்டர் தள்ளியுள்ள சுவரிலிருந்து அது திரும்பிவர ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு நேரம் ஆகும். பக்கவாட்டிலிருந்து இப்படி வந்து சேரும் முதல் திரும்பொலிகளே, நாம் ஒலிக்கு உள்ளே இருக்கிறோம் என்ற உணர்வைத் தருகின்றன என்று ஒலியியலார் கூறுகின்றனர். தேவாரம் பாடியவர்கள் ஒலியியல் படித்திருக்கமாட்டார்கள். ஆனால் பாட்டின் நீட்டல்களும் நிறுத்தங்களும் அந்தக் கல்லின் பதிலைக் கேட்டுக் கேட்டே அமைந்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஓர் அடியை முடித்துவிட்டு ஓதுவார் சற்றே நிற்கிறாரே, அது மூச்சுக்காக மட்டும் என்று தோன்றவில்லை.

இடத்தையும் சேர்த்துப் பதிவது இயலாத காரியமன்று. இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் வாட்டர்லிலி அக்கூஸ்டிக்ஸ் என்ற பதிவு நிறுவனத்தை நடத்திய கவிச்சந்திரன் அலெக்சாண்டர் அதைச் செய்து காட்டினார். 1992ல் சாண்டா பார்பராவில் ஒரு கிறித்தவச் சிற்றாலயத்தில் விசுவ மோகன் பட்டையும் ரை கூடரையும் எதிரெதிரே அமர்த்தி அவர் பதிந்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' கிராமி விருது பெற்றது. பின்னர் சித்திரவீணை ரவிகிரணும் அவருடைய நிறுவனத்துக்காக வாசித்திருக்கிறார். அலெக்சாண்டர் கையாண்டது 1931ல் ஆலன் புளும்லைன் என்ற ஆங்கிலேயர் உரிமம் கோரிய முறை. ஓரிடத்தில் குறுக்காக வைத்த இரண்டே ஒலிவாங்கிகள். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே கிடையாது, பின்னர் எதிரொலி சேர்ப்பதும் கிடையாது. அந்தத் தட்டைக் கேட்டால் கம்பி அதிர்வதும், அந்த அதிர்வை ஆலயச் சுவர் வாங்கிக் கொள்வதும் சேர்ந்தே கேட்கும். அது வெறும் இருதடப் பதிவு, ஆனால் நாங்கள் கேட்ட பல ஐந்துதடப் பதிவுகளைவிட அதில் சூழல் அதிகம். ஒலிவாங்கி எங்கே நிற்கிறது என்பதே முதல் கேள்வி. எத்தனை பிட், எத்தனை ஒலிபெருக்கி என்பவை பிறகுதான்.

அந்தத் தட்டைக் கேட்ட இரவில்தான் தம்பி அதைச் சொன்னான்: கோயில் இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறது?

1970களில் மைக்கேல் கெர்சான் முதலானோர் இங்கிலாந்தில் ஒரு முறையை உருவாக்கினார்கள். ஆம்பிசானிக்ஸ் என்று பெயர். நான்கு சிறு ஒலிவாங்கிகளை நான்முகி வடிவில் ஒரே புள்ளியில் குவித்துவைத்தால், அந்தப் புள்ளியை நோக்கி எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஒலியைப் பதிந்துவிடலாம். எத்தனை ஒலிபெருக்கிகளுக்கு வேண்டுமோ அத்தனைக்கும் பின்னர் பிரித்துக் கொள்ளலாம். அன்று ஆய்வுக்கூடப் பொருளாயிருந்தது, இன்று உள்ளங்கைக் கருவியாகக் கிடைக்கிறது. ஒன்றை இரவல் வாங்கினோம். முறைப்படி இசைவு பெற்றோம். பண்ணிசை முறையாகக் கற்ற நண்பர் ஒருவர் பாட ஒப்புக் கொண்டார். திருநாவலூருக்குச் சுந்தரர் தாமே பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. பண் நட்டராகம், இன்று பந்துவராளியில் பாடுகிறார்கள். அதைத்தான் பாடுவது என்று முடிவாயிற்று.

கருவியை எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குள் பேச்சே எழவில்லை. அப்பாவின் தூணடி. தரையில் அமர்ந்தால் அவர் காது இருக்கும் உயரத்தில், முட்டுக்கோல் வைத்து நிறுத்தினோம். தை மாதத்து விடியல். பாடுபவர் தம் வழக்கமான இடத்தில் நின்றார், கருவிக்காக ஓரடிகூட நகரவில்லை. 24 பிட், 96,000 மாதிரி, நான்கு தடங்கள். ஒரு மணிநேரத்துக்கு 4 ஜிபிக்குச் சற்று மேல். கேட்பதற்கு அவசியமில்லை என்று மேலே சொன்ன அந்த 24 பிட் பதிவதற்கு எவ்வளவு பெரிய வரம் என்பது அப்போது விளங்கியது. கோயிலில் யார் எப்போது மணியடிப்பார் என்று தெரியாது. அளவைத் தாழ்த்தி வைத்துவிட்டால், திடீர் மணியோசையில் பதிவு கிழியாது, முணுமுணுப்பும் இரைச்சலில் மூழ்காது. பாட்டு தொடங்குமுன் வாயிலில் ஒருவர் சிதறுகாய் உடைத்தார். ஒலியியலார் ஓர் அரங்கின் எதிரொலியை அளக்கப் பலூனை வெடிப்பார்கள், துப்பாக்கி சுடுவார்கள். எங்களுக்குத் தேங்காயாக அமைந்தது! அந்த ஓர் ஓசை எழும்பி, மண்டபத்தைச் சுற்றி, எங்களைக் கடந்து, உள்ளே எங்கோ அடங்கும் வரை தனியாகக் கேட்டுப் பார்த்தால், கோயிலின் வடிவமே அதில் இருக்கிறது.

பதிவில் பாட்டோடு மற்றவையும் வந்திருந்தன. பின்னால் ஒரு பெண்மணி துடைப்பத்தால் பெருக்குகிறார். மேலே புறாக்கள் இடம் மாறுகின்றன. யாரோ வலமாக நடந்து போகிறார், காலில் மெட்டி. நண்பர் இன்னொரு நாள், அமைதியான வேளையில் மறுபடி பாடித்தருவதாகப் பெருந்தன்மையோடு சொன்னார். வேண்டாம் என்றோம்.

அப்பாவை நாற்காலியோடு வட்டத்தின் நடுவுக்கு நகர்த்தி அமர்த்தினோம். என்ன போடப் போகிறோம் என்று சொல்லவில்லை. தேங்காய் உடைந்தது. அவர் நிமிர்ந்தார். பாட்டு எழுந்தது. சிறிது நேரம் கழித்து, "கோயில்ல இவ்ளோ சத்தமா பாட மாட்டாங்களே, கொறைங்க" என்றார். குறைத்தோம். இன்னும், இன்னும் என்று கைகாட்டினார். பேச்சுக்குரலின் அளவுக்கு வந்ததும் கையை இறக்கினார். துடைப்ப ஓசை வந்த இடத்தில், பக்கவாதத்துக்குப் பின் வலப்புறம் சரியாகத் திரும்பாத அந்தக் கழுத்து மெல்லத் திரும்பித் தையல் இயந்திரத்தைப் பார்த்தது. "பெருக்குறாங்க பாரு" என்றார். அம்மா வாயிற்படியில் நின்றிருந்தார். அவர் புடைவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக் கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இதில் ஒரு குறையும் உண்டு. கல்லின் எதிரொலி கூடக்கூடச் சொல்லின் விளிம்பு மழுங்கும். முதுமைச் செவிக்கு அது இன்னும் கடினம். நடுவில் உள்ள ஒலிபெருக்கியில் குரலைச் சற்று முன்னே கொண்டு வந்து, சுற்றொலியைக் குறைத்து, சொல் துலங்கும்படி இன்னொரு கலவை செய்தோம். எங்கள் காதுக்கு அதுவே மேல். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது வேண்டும் என்று கேட்டோம், மேயரும் மோரனும் கேட்டது போலவே. அப்பா தயங்காமல் முதலாவதைச் சொன்னார்.

"வார்த்தை புரியலையேப்பா அதுல?"

"வார்த்தைதான் எனக்கு மனப்பாடமாச்சேம்மா."

சுந்தரர் கண்பார்வை இழந்து, காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறுகண்ணும் பெறும்வரை ஊர் ஊராகப் பாடிக் கொண்டே நடந்தார் என்கிறது பெரியபுராணம். அந்த நாட்களில் அவர் ஒவ்வொரு கோயிலையும் எப்படி அடையாளம் கண்டார் என்று இதற்குமுன் நாங்கள் யோசித்ததில்லை. வாயிலில் குரல் கொடுத்தவுடன் கல் என்ன பதில் சொல்கிறது என்பதை வைத்தே கோபுரத்தின் உயரத்தையும் மண்டபத்தின் ஆழத்தையும் அறிந்திருப்பாரோ? ஆய்வாளர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

அந்தப் பதிவு இப்போது பெரும்பாலான மாலைகளில் ஓடுகிறது. ஆனால் அப்பாவுக்கு அதில் ஒரு மனக்குறை. அது விடியற்காலைக் கோயில். தமக்குப் பழக்கமான மாலைக் கோயிலில் கூட்டம் இருக்கும், குழந்தை அழும், சாயரட்சை மணி வேறுவிதமாக இருக்கும், பெருமாள் சன்னிதிப் பக்கமிருந்து பேச்சுக் கேட்கும் என்கிறார். எங்களுக்கு வேறு ஆசை. ஆடிச் சுவாதியன்று சுந்தரர் குருபூசையில் மேளமும் நாகசுரமும் முழங்கும்போது பதிய வேண்டும். அந்த முழக்கத்தை இந்தச் சிறு கருவி தாங்குமா என்பது ஐயம். இரவல் தந்தவரிடமே கேட்டோம். தாழ்ந்த அளவில் வைத்து, தவிலிலிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள் என்றார். தூணடியிலிருந்து நாங்கள் அளந்து பார்த்தோம், பதினான்கு அடி வருகிறது.